வீட்டுச் சந்திப்பு: பூஜ்யம்

மதிப்பெண் தாளில்
அந்தக் கட்டத்துக்கு எதிரே
ஒரு முட்டை போட்டிருக்கிறார்கள்.
தவறில்லை.
எந்த வீட்டுக்கும் நான் போகவில்லை.

ஜூலையில் தொடங்கியது இது.
களப்பணிப் படிவத்தின் ஏழாம் கேள்வி:
‘சிறப்புத் தேவைகள் ஏதேனும்.’
பதிலுக்கு விட்டிருந்த இடம்
என் கட்டைவிரல் நீளம்.
நுணுக்கி நுணுக்கி எழுதினேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தைக்
கீழ்த்தளத்தில் வையுங்கள்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தால்
கால் மணி நேரம் பொறுங்கள்.
மற்றவர்கள் குனிந்து நுழைந்துவிடுகிறார்கள்.
எனக்கும் குனியத் தெரியும்,
நிமிரத்தான் ஆள் வேண்டும்.

பதினோரு நாள் கழித்து
முத்திரையோடு வந்தது கடிதம்.
‘மாணவி ம. எஸ்தர் கலாவுக்கு
வீட்டுச் சந்திப்புகளிலிருந்து முழு விலக்கு.
இல்லத்திலிருந்தே அறிக்கை எழுதலாம்.
துறை மகிழ்ச்சியுடன் அனுமதிக்கிறது.’

மகிழ்ச்சியுடன் என்ற சொல்லின் மேல்
டீ கிளாஸை வைத்தேன்.

‘விலக்கா?’ என்றாள் அம்மா
அடுப்பிலிருந்து திரும்பாமல்.
‘எத்தினி நாளைக்கு?’
‘ஒரு செமஸ்டருக்கு.’
இருவரும் சிரித்தோம்.
அவள் முதலில் நிறுத்தினாள்.

வழிதான் கேட்டேன்.
விலக்கி வைத்துவிட்டார்கள்.
மீனைப் பற்றி இருபது பக்கம் எழுது,
காசிமேட்டுப் பக்கம் மட்டும் போகாதே
என்கிற மாதிரி.

வாரியக் குடியிருப்பு, எஃப் பிளாக்.
மூன்று மாடி.
படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியை
யாரோ எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்கள்.
முதல் நாள் ஐந்தாம் படியில்
கோல் வழுக்கி உட்கார்ந்தேன்.
கூட வந்த ஃபர்ஹானா
மேலே போய் ஆறு வீடு முடித்தாள்.
நான் ஒரு பூனையைச் சந்தித்தேன்.

விடிகாலை ஐந்தரைக்கு
தண்ணி லாரி வரும் என்று
பூனைக்குச் சோறு வைத்தவள் சொன்னாள்.

மறுநாள் போனேன், யாரையும் கேட்காமல்.
ஹாரன் அடித்ததும்
மூன்றாம் மாடி இறங்கி வந்தது.
இரண்டாம் மாடி இறங்கி வந்தது.
பச்சைக் குடம், ஆரஞ்சுக் குடம்,
ஈயப் பானை, இடுப்பில் தூங்கும் குழந்தை,
அழிந்த மருதாணி, அவிழ்ந்த கொண்டை.
‘இன்னாமே நின்னுகினே கீற, குந்து’ என்று
இட்லிக்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டாள் ரெஜினா.

லாரிக்காரர் குழாயை மூடுவதற்குள்
ஏழு குடும்பம்.
ரேஷன் அட்டை, குழந்தையின் எடை,
கட்டாத வட்டி, குடிக்கிற புருஷன்.
வரிசையில் முன்னால் நகர்ந்தபடியே
சொல்லிக்கொண்டு போனார்கள்.
மூன்று வாரத்தில் அறுபத்திரண்டு.
ஃபர்ஹானாவைவிடப் பதினெட்டு அதிகம்.
ஆனால் படிவத்தில்
லாரிக்கென்று கட்டம் இல்லை.

அறுபத்து மூன்றாவது முப்பத்தோராம் நம்பர் கதவு.
தேசம்மா எல்லாம் சொன்னாள்,
மகன் படிப்பைக் கேட்டதும் குடத்தைப் பார்த்தாள்.
‘அவன் எறங்கறதில்லமா.
தூக்கிகினு வர்ற மாமன் செத்து
ரெண்டு வர்ஷம் ஆச்சி.’

எனக்குச் சுருக்கென்றது.
கீழே ஸ்டூல் போட்டுக்கொண்டு
மொத்த பிளாக்கையும் பார்த்துவிட்டதாக
நினைத்திருந்தேன்.
இறங்க முடியாதவனை
லாரி கணக்கில் எடுப்பதில்லை.
நானும் எடுக்கவில்லை.

தேசம்மா போன் போட்டுக் கொடுத்தாள்.
மேலே ஜன்னல் கம்பிக்குள்
ஒரு கை அசைந்தது.
என் கோலில் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.
காதில் சிரிப்புக் கேட்டது.
பெயர் தினகரன். வயது பதினாறு.
எட்டாவதோடு நின்றது.
ரயில் பெட்டிகளை எண்ணத் தெரியும்,
நேற்றைய சரக்கு வண்டியில் ஐம்பத்தெட்டு.

கேள்விகள் முடிந்தன.
படிவத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டேன்.
‘சிறப்புத் தேவைகள் ஏதேனும்?’

மேலே கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
காலிக் குடம் ஒன்று உருண்டது.

‘எய்த எவ்ளோ எடம் கீதுக்கா?’

தாளைத் திருப்பி
முழங்காலில் வைத்துக்கொண்டேன்.
தூரத்தில் மணி அடித்தது.

‘நீ சொல்லு தம்பி.
கேட் போட்டுட்டாங்க,
எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.’